பிந்தி வந்தவர் பிழை செய்தவரா?

கல்விக்கு வயதில்லை என்று மேடையில் சொல்லாதவர் இல்லை. இறக்கும்வரை கற்க வேண்டும் என்னும் வள்ளுவர் கருத்தை வகுப்பில் விளக்காத தமிழாசிரியரும் இல்லை. ஆயினும், 24 வயதுடைய ஒருவர் பல்கலைக்கழக முதலாண்டு வகுப்பில் தம்மினும் நான்கைந்து ஆண்டு இளையவரோடு அமர்ந்துவிட்டால், அவரை நோக்கி எழும் முதல் வினா "என்ன படிக்கிறீர்கள்?" என்பதாக இருப்பதில்லை, "ஏன் இவ்வளவு காலம்?" என்பதாகவே இருக்கிறது. வினவுபவர் வசையாகக் கேட்பதில்லை. கேட்கப்படுபவர் உள்ளத்திலோ அது குற்றச்சாட்டாகவே விழுகிறது. தம் வயதொத்தவர் பட்டம் பெற்று வெளியேறும் காலத்தில் கல்லூரி வாயிலுள் நுழைபவர் ஏதேனும் பிழை செய்தவரா? அறநோக்கில் ஆராயத்தக்க வினா இது.

பினாங்குத் தீவின் பாயான் பாரு இவ்வினாவை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற இடம். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவாக்கிய புதுநகர் அது. அதன் அருகே பாயான் லெப்பாசில் 1972இல் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கப்பெற்றது. மின்னணுத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மறுபுறம், சில கல் தொலைவில், 1969இல் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் மிண்டன் வளாகத்தில் நிலைபெற்றுள்ளது. ஆகவே, அந்நகரில் பள்ளிப்படிப்பை முடிக்கும் இளைஞர்க்கு இரண்டு வாயில்கள் எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. ஒன்று மாத முடிவில் ஊதியம் தருவது. மற்றொன்று சில ஆண்டுகள் பொறுத்திருக்கச் சொல்வது. தந்தை நோயுற்ற வீட்டில், தம்பி தங்கையர் இன்னும் பள்ளி செல்லும் வீட்டில், மூத்த மகளோ மகனோ எந்த வாயிலை நாட நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தி, இரவுப் பணிக்குச் சென்று, குடும்பம் ஒருவாறு நிமிர்ந்த பின்னரே மீண்டும் நூலைக் கையில் எடுப்போர் உண்டு.

மலேசியத் தமிழ் மாணவர்க்குக் காலத்தாழ்வு புதியதும் அன்று. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, மலாய் மொழியில் உரிய தேர்ச்சி பெறாதவர், முதற்படிவத்திற்கு முன் 'பெரலிஹான்' எனப்படும் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயில வேண்டும் என்னும் முறை பல்லாண்டுகளாக இருந்து வந்தது. அவ்வாறு ஓராண்டு பின்னே நின்ற சிறுவனைச் சோம்பேறி என்று எவரும் இகழ்வதில்லை. பயிற்றுமொழி மாறியது, அம்மாற்றத்திற்கு அவன் ஓராண்டை விலையாகக் கொடுத்தான் என்றே கொள்வர். மொழியின் பொருட்டு ஓராண்டு கொடுத்தவனுக்கு ஓர் அளவுகோல், வறுமையின் பொருட்டு நான்காண்டு கொடுத்தவனுக்கு வேறோர் அளவுகோல் என்பது நடுவுநிலை ஆகாது.

பிந்தி வருதல் எப்போது குற்றமாகிறது? தன்னை எதிர்நோக்கியிருக்கும் பிறரைக் காக்க வைக்கும்போது அது குற்றமாகிறது. கூட்டத்திற்குத் தாமதமாக வரும் தலைவர் அவையின் நேரத்தைக் கவர்கிறார். வாக்களித்த நாளில் கடனைத் திருப்பித் தராதவர் கொடுத்தவரின் பொருளை முடக்குகிறார். கல்லூரிக்குப் பிந்தி வருபவர் யாரைக் காக்க வைத்தார்? எவரையும் இல்லை. எண்ணிப் பார்த்தால், அவரே பிறருக்காகக் காத்திருந்தவர். தம்பியின் தேர்வு முடியட்டும், தங்கையின் திருமணம் நிறைவேறட்டும், தாயின் மருத்துவச் செலவு குறையட்டும் என்று தம் முறையை ஒத்திவைத்தவர். அவர் காலத்தைத் திருடவில்லை, கொடுத்திருக்கிறார். கொடுத்தவரே கூசித் தலைகுனிவதும், பெற்றவர் அதனை மறந்துவிடுவதும் உலகியலில் காணப்படும் முரண்.

தாமே விரும்பி மீண்டும் மாணவரானோரும் உளர். அவருள் தமிழுலகம் மறக்கலாகாதவர் தனிநாயக அடிகளார். யாழ்ப்பாணத்தில் 1913இல் பிறந்து, உரோமாபுரியில் இறையியல் கற்று முனைவர் பட்டம் பெற்று, குருவாகி, நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியப்பணி ஆற்றியவர் அவர். அங்கிருந்தபோதுதான் தமிழில் தமக்குள்ள குறையை உணர்ந்து முனைந்து பயிலத் தொடங்கினார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தபோது 30 வயதைக் கடந்திருந்தார். பிற மொழிகளில் அவர் முன்பே பெற்றிருந்த புலமை, தமிழை உலக இலக்கியங்களோடு ஒப்புநோக்கும் கண்ணாக அவருக்கு உதவியது. 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்று வந்த அவரது முயற்சியால்தான் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. வயது கடந்துவிட்டது என்று அவர் கூசி நின்றிருந்தால், இழப்பு அவரோடு முடிந்திருக்காது.

அடிகளாரின் நிலையும் ஆலைத் தொழிலாளியின் நிலையும் ஒன்றல்ல. முன்னவர் கற்றவர், தாமே தேர்ந்து வந்தவர். பின்னவருக்குத் தேர்வு செய்யும் உரிமையே முதலில் இல்லை. ஆனால் இருவரிடத்தும் ஓர் உண்மை பொதுவானது: இடைப்பட்ட ஆண்டுகள் வெற்றிடம் அல்ல. இயந்திரத்தின் முன் நின்றவர் உழைப்பின் விலையையும், காலத்தின் அருமையையும், பலதரப்பட்ட மனிதரோடு ஒத்துழைக்கும் முறையையும் கற்றிருக்கிறார். அவை வகுப்பறையில் பயன்படும் முதல்.

இதனால் காலத்தாழ்வே நன்று என்று முடித்துவிடலாகாது. பிந்தி வருபவரின் இழப்பு மெய்யானது. கற்ற கணிதம் மறந்திருக்கும், விரைந்து எழுதிய கை தயங்கும், ஊதியம் குறையும், திருமணப் பேச்சு ஒருபுறம் நெருக்கும். மேலும், எல்லாத் தாமதமும் தியாகம் அன்று. வாய்ப்பிருந்தும் வீணாகக் கழித்த ஆண்டுகளுக்கு யாரும் மாலை சூட்ட வேண்டியதில்லை; அவரும் திருந்திக் கற்க வரின் கதவை அடைக்க வேண்டியதும் இல்லை. இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வறுமையை வென்று பிந்திப் படித்த ஒருவரைப் பாராட்டி விழா எடுத்துவிட்டு, அவரைப் பிந்தச் செய்த வறுமையைச் சமுதாயம் மறந்துவிடுவது. பாராட்டு, கடமைக்கு ஈடாகாது. அவருடைய தங்கை உரிய வயதில் கல்லூரி சேர வழி செய்வதே உண்மையான பாராட்டு.

வழிகள் இல்லாமலும் இல்லை. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமே 1971இல் வளாகத்திற்கு வெளியே இருந்து பயிலும் திட்டத்தைத் தொடங்கி, பணியில் இருப்போர்க்குப் பட்டக்கல்வியின் கதவைத் திறந்தது. 2006இல் பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. பணியில் பெற்ற அறிவை மதிப்பிட்டு, அதனையே பல்கலைக்கழக நுழைவுக்குத் தகுதியாகக் கொள்ளும் முறையும் நாட்டில் வந்துள்ளது. நிறுவனங்கள் ஏற்கத் தொடங்கிய உண்மையை உற்றாரும் ஊராரும் ஏற்பதே எஞ்சியுள்ளது.

இதில் ஆசிரியரின் பங்கு பெரிது. வகுப்பில் மூத்த மாணவரைத் தனியே சுட்டி, "உங்கள் வயதில்..." என்று தொடங்கும் அறிவுரை அவரைக் கூனச் செய்யும். அவரைக் காட்டி இளையோர்க்கு உபதேசம் செய்வதும் அத்தகையதே. புகழ்ச்சியும் ஒருவரைக் காட்சிப்பொருளாக்கிவிடும். அவர் மறந்துபோன பாடத்தை மாலையில் அரைமணி நேரம் உடனிருந்து நினைவூட்டும் ஆசிரியரே அவருக்குத் துணை. பயிலும் தம்பியர் தங்கையரும், கல்லூரி வழக்கங்களை அவருக்குக் கூச்சமின்றிச் சொல்லிக்கொடுத்து, அவர் அறிந்த உலகியலைக் கேட்டுக்கொள்ளலாம். வகுப்பில் அவருக்கு வேண்டியது இரக்கமும் அன்று, வியப்பும் அன்று. மற்றவர்க்கு உள்ளதைப் போன்றே ஓர் இடம்.