கயிலைக்குப் புறப்படும் முன் அப்பரைக் கேளுங்கள்



"கினபாலு ஏறிய கால்தானே, கயிலையையும் பார்த்துடலாம்" என்று உங்களில் சிலர் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. ரொம்ப சந்தோஷம். ஆனா கினபாலுவின் உச்சியே 4,095 மீட்டர்தான். மானசரோவர்க் கரை ஏறத்தாழ 4,590 மீட்டர். அங்கே கிரிவலம் இன்னும் தொடங்கவே இல்லை! மூன்று நாளில் சுமார் 52 கிலோமீட்டர் நடை. இரண்டாம் நாள் கடக்கும் டோல்மா லா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலே.

திட்டம் போடும்போது எல்லாரும் ஜாக்கெட், பூட்ஸ் பற்றியே பேசுகிறார்கள். நாள்களைப் பற்றிப் பேசுங்கள். 3,000 மீட்டரைத் தாண்டினால், இரவு தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும். லீவு இல்லை என்று அந்த ஓய்வு நாளை வெட்டுகிற பேக்கேஜ் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். தலைவலியோடு குமட்டல் வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், உடனே இறங்கணும். நள்ளிரவானாலும் சரி.

இங்கேதான் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். "பாதியில திரும்பினா சிவன் நம்மை வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிடுமே" என்று வலியை மறைக்கிறார்கள். இந்த மறைப்பு உயிரையே கேட்கும்.

அப்பர் பெருமான் கயிலைக்குப் போன கதை தெரியும்தானே? பாதம் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கையும் தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார், பிறகு உருண்டார். முனிவராக வந்த சிவபெருமான், மனித உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பு என்றார். அப்பர் மறுத்தார். "பார்த்தீங்களா, அப்பரே திரும்பலையே" என்று இதோடு கதையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. முழுசா படிங்க! இந்தக் குளத்தில் மூழ்கு, திருவையாற்றில் எம்மைக் காண்பாய் என்று இறைவன் ஆணை வந்ததும் அவர் அடம் பிடிக்கவில்லை. மூழ்கினார், திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். ஜோடி ஜோடியாக எதிரே வந்த விலங்குகளும் பறவைகளும் அவருக்குச் சிவமும் சக்தியுமாகத் தெரிந்தன. ஆடி அமாவாசையில் இன்றும் திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி நடக்கிறது.

இன்னொன்று. அப்பர் தனியாகப் போனார். நீங்கள் கூட்டமாகப் போகிறீர்கள். நீங்கள் விழுந்தால், மூச்சுக்குத் திணறும் இன்னொருத்தன்தான் உங்களைத் தூக்கணும்.

முதலில் டாக்டரைப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் பாஸ்போர்ட் நகலோடு இன்னொரு பட்டியலும் தயாராகட்டும்: யாருக்கு முடியாமல் போனால் யார் கூடவே இறங்குவது என்று, பெயர் பெயராக.