எழுதுகோல் யார் மீது இருக்கிறது?



ஒரு கொலைச் செய்தி வருகிறது. செய்தவர் மனநலம் பாதிக்கப்பட்டவர் என்று வக்கீல் வாதிடுகிறார். உடனே டீக்கடையில் பேச்சு எழும்: "பைத்தியம்னு சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறான்." சில வழக்குகளில் அப்படியும் நடக்கலாம். ஆனால் மார்க்கம் இதை எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள்.

தூங்குகிறவர், பருவமடையாத பிள்ளை, புத்தி தெளியாதவர் ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், விபச்சாரம் செய்ததாக ஒரு பெண் கொண்டுவரப்பட்டார். ஆலோசனை கேட்டு, தண்டனையும் தீர்ப்பாகிவிட்டது. அவரைக் கொண்டுபோகும் வழியில் அலி (ரலி) பார்க்கிறார்கள். இவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று தெரிந்ததும் திருப்பி அழைத்து வந்து, கலீஃபாவுக்கு அந்த ஹதீஸை நினைவூட்டுகிறார்கள். உமர் (ரலி) அந்தப் பெண்ணை விடுவித்து, தக்பீர் சொன்னார்கள். அபூதாவூதில் இது பதிவாகியிருக்கிறது. தன் தீர்ப்பு திருத்தப்பட்டதற்குத் தக்பீர் சொன்ன ஆட்சியாளர்!

நம் நாட்டுச் சட்டமும் இதை ஏற்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 84-ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆவது பிரிவாக இருக்கிறது. செய்கிற நேரத்தில், தான் என்ன செய்கிறோம் என்றோ, அது தவறு என்றோ அறிய முடியாத அளவுக்கு மனம் பாதிக்கப்பட்டிருந்தால் அது குற்றமாகாது. நோய் இருக்கிறது என்பது மட்டும் போதாது. தானே விரும்பிக் குடித்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

சரி, எழுதுகோல் உயர்ந்துவிட்டால் கணக்கு முடிந்ததா? புத்தி தெளியாதவர் ஒருவரைக் கொன்றுவிட்டால் பழிக்குப் பழி இல்லை. ஆனால் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு தியத் உண்டு. பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்கள் அதை அவருடைய ஆகிலா, அதாவது தந்தை வழி உறவினர்கள் மீது சுமத்தினார்கள். அவர் மீதிருந்த சுமை சொந்தங்களின் தோளுக்கு வருகிறது. இந்தியச் சட்டத்திலும் இப்படி விடுதலையாகிறவர் நேராக வீட்டுக்குப் போய்விட முடியாது. பாதுகாப்பான இடத்தில் வைக்கப்படுவார். இல்லையென்றால், கவனித்துக்கொள்கிறேன் என்று உறவினரோ நண்பரோ உத்தரவாதம் கொடுத்து அழைத்துப் போகலாம். அந்தக் கையெழுத்தைப் போட நம் மஹல்லாவில் எத்தனை பேர் முன்வருவோம்?

மதுரையிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம், ஏர்வாடிக்கு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்கள் எந்தக் குற்றமும் செய்தவர்கள் அல்லர். எழுதுகோல் உயர்த்தப்பட்டவர்களைக் கட்டிப்போட்டது, புத்தி தெளிவாக இருந்தவர்கள்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடை செய்துவிட்டது.

இன்றும் நம் வீடுகளில் நடப்பது என்ன? பையன் தனியாகப் பேசுகிறான், இரவில் தூங்குவதில்லை. ஜின் என்கிறோம், கண்ணேறு என்கிறோம். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால், தங்கைக்கு மாப்பிள்ளை அமையாதே என்று அஞ்சி, டாக்டரிடம் மட்டும் போவதில்லை. நாளை அவன் கையால் ஒரு விபரீதம் நடந்தால், அவன் புத்தி தெளிவில்லாமல் இருந்தான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவன் தரப்புக்குத்தான். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதைக்கூட எதை வைத்துக் காட்டுவோம்?

மாஇஸ் (ரலி) தாமே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, இவருக்குப் புத்தியில் ஏதும் கோளாறு உண்டா என்று நபி (ஸல்) அவர்கள் அவருடைய கூட்டத்தாரிடம் விசாரித்தார்கள். அக்கம்பக்கத்தாருக்குத்தானே தெரியும்! மத்தியப் பிரதேசத்தில் ஒருவர் களத்தில் கிடந்த புல்லுக்குத் தீ வைத்தார். கேட்டபோது, நான்தான் கொளுத்தினேன், செய்வதைச் செய்துகொள் என்றார். தன் துணிக்கும் வீட்டுக்குமே தீ வைக்கிறவர் அவர் என்று தெரிந்தவர்கள் சாட்சி சொன்னார்கள், மருத்துவச் சான்றும் இருந்தது. 1970-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே அழைத்துப் போங்கள். அங்கே கொடுக்கிற சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரு பையில் போட்டு வையுங்கள்.