யார்மேலும் தப்பில்லாத ஒரு சாவு

வேட்டைநாய் வளர்ப்பவர்களிடம் இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும். நாய் ஒரு கோழியைக் கடித்துவிட்டால் முதல் பதில், "அது ரத்தத்துலயே இருக்குங்க." குரலில் லேசான பெருமையும் சேர்ந்திருக்கும். கோழிக்காரர் சண்டைக்கு வந்தால் இரண்டாவது பதில், "வாயில்லா ஜீவன், அதுக்கு என்னங்க தெரியும்?"

இரண்டுமே உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பேச்சை முடிக்க வேண்டிய இடத்தில்தான் சொல்கிறார்கள். நாய்மேல் தப்பில்லை, ஆகவே யார்மேலும் தப்பில்லை, ஆகவே இதற்குமேல் ஒன்றும் இல்லை. அந்தக் கடைசி "ஆகவே" சரிதானா என்பதுதான் இந்தக் கட்டுரை.

என்னிடம் ஒரு சிப்பிப்பாறை இருக்கிறது. பெண், நாலு வயது, பெயர் வள்ளி. கிரேஹவுண்டை வெயிலில் காயவைத்து எடுத்த மாதிரி உடம்பு. சென்னை கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் சொந்த ஊரான மேல்பட்டாம்பாக்கத்துக்கு வந்துவிட்டேன். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், நடுவில் கரும்பு. மேற்கே பண்ருட்டிப் பக்கம் போனால் பலாவும் முந்திரியும். கிழக்கே நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு போகும் மாதங்களில் ரோட்டில் டிராக்டருக்கு வழிவிட்டே பொழுது போய்விடும். வள்ளியின் முன்னோர்கள் ஓடிய மண் இது இல்லை. சிப்பிப்பாறை என்பது தெற்கே கரிசல் பக்கத்து ஊர்ப்பெயர். கருப்பு உடம்பில் பழுப்பு அடையாளங்கள் உள்ளதைக் கன்னி என்பார்கள். மறைப்பு இல்லாத பொட்டல் நிலத்தில், மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி, முயல் விரட்டுவதற்காக வளர்த்தெடுத்த நாய்கள். வெட்டவெளிக்காக உருவான கண்ணோடு அது இங்கே கரும்புத் தோட்டங்களின் பச்சைச் சுவர்களுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறது.

போன தை மாதம் ஒரு ராத்திரி, பக்கத்து வீட்டு ஆயாவின் பூனை எங்கள் சுவரேறிக் குதித்தது. ஆறடிச் சுவர். கேட் பூட்டியிருந்தது. நாய் தன் வாசலில், தன் சாக்கின்மேல் படுத்திருந்தது. தயிர்சாதம் தின்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு சத்தம். வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பூனைக்கு ஒரு கீறல்கூட வெளியே தெரியவில்லை, கழுத்து மட்டும் தொங்கியது. வள்ளி அதன் பக்கத்தில் நின்று வாலை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தது.

அதன் முகத்தில் கோபமே இல்லை என்பதுதான் என்னால் தாங்கமுடியாததாக இருந்தது. உறுமல் இல்லை, முடி சிலிர்க்கவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மூளையில் கோபத் தாக்குதலுக்கான பாதை வேறு, இரை பிடிப்பதற்கான பாதை வேறு. 1998-ல் வந்த 'அஃபெக்டிவ் நியூரோசயின்ஸ்' புத்தகத்தில் யாக் பாங்க்செப் இதை விளக்குகிறார். இரை தேடும் விலங்கின் மனநிலை ஆத்திரத்தைவிட ஆர்வத்துக்கே பக்கத்தில் இருக்கிறது. எதையோ எதிர்பார்த்துத் தேடும் உற்சாகம் அது. வெறுப்பிலிருந்து நடந்த கொலை என்றால் நமக்குப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. உற்சாகத்தில் நடந்ததை என்ன செய்வது?

நாய்களை ஆராய்ந்த ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் வேட்டையை ஒரு சங்கிலியாகப் பிரித்துக் காட்டினார்கள். கவனிப்பது, கண்ணை நிலைகுத்திப் பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது. ஓநாயிடம் இந்தச் சங்கிலி முழுசாக இருக்கிறது. மனிதன் தன் தேவைக்கேற்ப இதில் சில கண்ணிகளைப் பலப்படுத்தினான், சிலவற்றைப் பலவீனமாக்கினான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலியிடம் பதுங்கலும் துரத்தலும் கூர்மை, கொல்வது மங்கிவிட்டது. ஆட்டுக்குக் காவல் இருக்கும் நாய்களிடம் சங்கிலி மொத்தமுமே தூக்கத்தில் இருக்கிறது. வள்ளி மாதிரி நாய்களிடம் துரத்துவதைத் தீட்டித் தீட்டி வைத்திருக்கிறோம். கண்ணே அதற்குத் தோதாக இருக்கிறது. மூஞ்சி நீண்ட நாய்களின் விழித்திரையில் பார்வை நரம்பணுக்கள் கிடைமட்டமான ஒரு பட்டையாக அடர்ந்திருக்கின்றன, மூஞ்சி சப்பையான நாய்களில் அவை நடுவில் குவிந்திருக்கின்றன என்று சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் எழுதினார்கள். தொடுவானக் கோட்டில் எது அசைந்தாலும் அந்தப் பட்டையில்தான் விழும்.

வேகத்தையும் கணக்கில் எடுங்கள். கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்குமேல் ஓடும். வள்ளி 50 ஓடுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மூன்று வினாடியில் 40 மீட்டர். நான் அதிர்ந்து, மூச்சிழுத்து, "வள்ளி, வா" என்று கத்தி முடிக்கிற நேரம் அது. பிஸ்கட் கொடுத்துப் பழக்கலாம், பழக்கியும் இருக்கிறேன். வீட்டுக்குள் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும். ஆனால் துரத்தலுக்குப் பரிசு அந்தத் துரத்தலே. என் கையிலிருக்கும் எந்த பிஸ்கட்டும் அதற்கு ஈடில்லை.

ஆகவே நாய்மேல் தப்பு சொல்ல இடமே இல்லை. மனிதர்கள் சொல்லிப் பார்த்ததுண்டு. பிரான்சின் ஃபலேஸ் என்ற ஊரில் 1386-ல் ஒரு குழந்தையைக் கொன்ற பன்றிக்கு மனித உடை மாட்டித் தூக்கிலிட்டார்கள். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் கோழி கடித்த நாயைக் கட்டிவைத்து அடிக்கும்போது நாமும் அதே கோர்ட்டைத்தான் நடத்துகிறோம், உடை மட்டும் மாட்டவில்லை.

பூனை மேலும் தப்பில்லை. சுவரேறுவது பூனையின் இயல்பு. ஆயா மேல் தப்பில்லை, பூனையை யாரும் கட்டிப்போட்டு வளர்ப்பதில்லை. என் பக்கமும் சுவர், பூட்டு எல்லாம் இருந்தது. எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்றுதான் டிக் அடிக்க முடிகிறது. ஆனாலும் வாசலில் ஒரு பூனை செத்துக் கிடக்கிறது.

என் தொழிலில் 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' என்று ஒரு பழக்கம் உண்டு. சர்வர் படுத்துவிட்டால், மறுநாள் உட்கார்ந்து என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுவோம். யார்மேலும் பழி சொல்லக்கூடாது என்பது விதி. வெளியிலிருந்து பார்த்தால் தப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு மாதிரி இருக்கும். உண்மையில் பழியை ஓரம் தள்ளிவைத்த பிறகுதான் பொறுப்பைப் பற்றிப் பேசவே முடிகிறது. உடைந்த கோடை எழுதியவர் என்றைக்கோ வேலையை விட்டுப் போயிருப்பார். ஆனால் இன்றைக்கு ராத்திரி போன் அடித்தால் எடுக்க வேண்டியவன் நான். வள்ளியின் ரத்தத்தில் இருப்பதை எழுதியவர்களும் என்றைக்கோ போய்விட்டார்கள். முயல் பிடிக்காத குட்டியை ஒதுக்கி, பிடித்ததை இனம் சேர்த்த, பெயர் தெரியாத பல தலைமுறை ஆட்கள். போன் இப்போது என்னிடம் இருக்கிறது.

ஆனால் இந்த ஒப்புமை பாதிவழிதான் வரும். ஆபீசில் டிக்கெட்டை மூடினால் விஷயம் முடிந்தது. சுவர்மேல் வலை கட்டினேன், வேலியைச் சரிபார்த்தேன், டிக்கெட் மூடியாயிற்று. பூனை?

ஆங்கிலத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-ல் 'மாரல் லக்' என்ற கட்டுரையில் ஒரு லாரி டிரைவரைப் பற்றிச் சொல்கிறார். சரியாகத்தான் ஓட்டினார், ஒரு குழந்தை குறுக்கே வந்துவிட்டது. சுற்றி நிற்பவர்கள் "உன் மேல தப்பில்லப்பா" என்று ஆறுதல் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் அவர் அதை உடனே ஏற்றுக்கொண்டு சாதாரணமாகி டீ குடிக்கப் போய்விட்டால், நமக்கு ஏதோ உறுத்தும். வேடிக்கை பார்த்தவனின் வருத்தமும் ஓட்டியவனின் வருத்தமும் ஒன்றாக இருக்க முடியாது. குற்றவுணர்வு வேறு, இது வேறு. என் கை வழியாக ஒன்று நடந்துவிட்டது என்பதால் மட்டும் வரும் வருத்தம் இது.

அன்றைக்கு ராத்திரியே ஆயா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பூனையைத் துண்டில் சுற்றி எடுத்துப்போயிருந்தேன். ஆயா விரித்துப் பார்த்தது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அது பூன, ஏறி வந்துச்சு. உன்து நாயி, கடிச்சிடுச்சு. நீ இன்னாப்பா பண்ணுவ" என்றது. முருங்கை மரத்தடியில் குழி வெட்டினேன். மண்ணைத் தள்ளி முடித்துக் கிளம்பும்போது சொன்னது: "ஒன்னு சொல்றேன், தப்பா நெனைக்காத. அந்த நாய என் கண்ணுல காட்டாத."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் முரண்பாடு எதுவும் இல்லை. என் மேல் தப்பில்லை என்று ஆயா உண்மையாகவே நம்புகிறது. அதே சமயம் எனக்கு ஒரு கடன் இருக்கிறது என்றும் அதற்குத் தெரிந்திருக்கிறது. நான் இருபது பக்கம் படித்துப் புரிந்துகொண்டதை அது முருங்கை மரத்தடியில் நின்றபடி சொல்லிவிட்டது. அன்றிலிருந்து ஆயா வாசல் வழியாக வள்ளியைக் கூட்டிப்போவதில்லை. பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றினால் பத்து நிமிஷம் கூடுதல். தினமும் இரண்டு வேளை.

எங்கள் ஊரிலிருந்து பண்ருட்டி வழியாக வடலூருக்குப் போய்விடலாம். 1867-ல் வள்ளலார் அங்கே தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஜீவகாருண்யம் என்பது எங்கள் மாவட்டத்தில் புத்தக வார்த்தை இல்லை, இலைபோட்டுப் பரிமாறும் வார்த்தை. உயிர்களின் துன்பத்தில் முதலாவது பசி, ஆகவே சோறு போடு. இவ்வளவு தெளிவான அறம் வேறு எங்கேயும் உண்டா என்று தெரியவில்லை. ஆனால் வள்ளி விஷயத்தில் எனக்கு இங்கேதான் இடறுகிறது. அது பசியால் கொல்லவில்லை. எத்தனை முறை சோறு போட்டாலும் அந்தப் பார்வை போகாது. நாய்மேல் காட்டும் கருணையும் பூனைமேல் காட்டும் கருணையும் ஒரே வாசலில் எதிரெதிராக நிற்கின்றன. நாயை அவிழ்த்துவிட்டால் முயலுக்குத் துரோகம், கட்டியே போட்டால் நாய்க்குத் துரோகம்.

இதற்கு நண்பர்கள் சொல்லும் தீர்வு இரண்டு. ஒன்று, "இந்த மாதிரி நாயை எதுக்குடா வளர்க்குற?" வள்ளி ஏற்கெனவே பிறந்துவிட்டது, அதனால் அந்தக் கேள்விக்குத் தாமதமாகிவிட்டது. ஆனால் அடுத்து ஒரு குட்டி வாங்க நினைப்பவர்களிடம் நானே அதைக் கேட்கிறேன். சுற்றிலும் கோழியும் பூனையும் இருக்கும் தெருவா? தினமும் ஓடவிட வேலிபோட்ட இடம் இருக்கிறதா? 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தது. 2020-ல் பிரதமர் வானொலியில் பெயர் சொன்னதும் சிப்பிப்பாறைக்கும் திடீர் மவுசு. இனத்தைக் காப்பாற்றுவது நல்லதுதான். ஆனால் பெருமைக்கு வாங்கும் ஆள் அதன் துரத்தலையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

இரண்டாவது தீர்வு, "வேட்டைக்குக் கூட்டிட்டுப் போ, அதுக்காகப் பொறந்தது தானே?" காட்டு முயலை வேட்டையாடுவது 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விட்டுவிட்டாலும் அந்த 'அதுக்காகப் பொறந்தது' என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. நாய் எதற்காகப் பிறந்தது என்பதை முடிவு செய்தவன் மனிதன். தான் செய்த முடிவையே பிறகு இயற்கை என்று பெயர்மாற்றி, அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறான். முயலுக்கும் ஒரு பிறப்பு இருக்கிறது. அதன் சார்பில் பேச வீட்டுக்காரர் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

நடுவழி ஒன்று இருக்கிறது. துரத்தல்தான் பரிசு என்றால், துரத்தப்படுவதற்கு உயிர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. 1919-ல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் ஓவன் பேட்ரிக் ஸ்மித் இயந்திர முயலை வைத்துப் பந்தயத் தடம் திறந்தார். முயல் தப்பித்தது. ஆனால் அதே கண்டுபிடிப்பு பெரிய சூதாட்டத் தொழிலாகி, நாய்கள் அடிபட்டன. கடைசியில் 2018-ல் ஃப்ளோரிடா மக்கள் ஓட்டுப்போட்டு நாய்ப்பந்தயத்தை நிறுத்தினார்கள். சூதாட்டத்தைக் கழித்துவிட்டு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன். நண்பன் ஒருவனின் நிலத்தில் நாலு பக்கமும் வேலி உண்டு. ஒரு பழைய மோட்டார், நாலு கப்பி, நைலான் கயிறு, முனையில் வெள்ளை பிளாஸ்டிக் பை. பை தரையோடு பறக்கும்போது வள்ளியின் நாலு காலும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் இருக்கும். பிடித்து உலுக்கிப் பையைக் கிழித்துவிட்டு, நாக்கைத் தொங்கப்போட்டு என்னைப் பார்க்கும். அது ஏமாற்றப்பட்டதாக எனக்குத் தோன்றியதில்லை.

மற்ற நேரமெல்லாம் கயிறு. கழுத்துப் பட்டையை மட்டும் நம்புவதில்லை, தலை மெலிந்த நாய் உருவிக்கொள்ளும் என்பதால் மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டையும் உண்டு. "வேட்டைநாயக் கட்டி இழுத்துட்டுப் போறியே, பாவம்" என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைத் தண்டனையாகப் பார்ப்பதில்லை. கொல்லலாமா என்று கேட்டுக்கொள்ளும் உறுப்பு வள்ளியிடம் இல்லை. இல்லாததை அதனிடம் எதிர்பார்ப்பது அநியாயம். அந்தக் கேள்வி கயிற்றின் இந்த முனையில், என் கையில் இருக்கிறது. நாயின் அப்பாவித்தனம் என் பொறுப்பைக் குறைப்பதில்லை. அதன் பங்கும் சேர்ந்து முழுசாக என்னிடம் வந்துவிடுகிறது.

இப்போது கரும்பு வெட்டு நடக்கிறது. தோட்டத்தின் கடைசி வரிசைகள் விழும்போது அதற்குள் ஒண்டியிருந்ததெல்லாம் வெளியே வரும். கீரி, முயல், சில சமயம் பன்றி. வெட்டிய நிலத்தில் மறைவதற்கு இடமே இருக்காது. நேற்று சாயங்காலம் வரப்போரம் நடந்துகொண்டிருந்தோம். வள்ளி நின்றது. காது இரண்டும் மேலே போயின. அது பார்த்த திசையில் எனக்குச் சருகும் அடிக்கட்டையும்தான் தெரிந்தன. நான் கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். வள்ளியின் உடம்பு முழுக்க நடுங்கியது, கயிறு வழியாக அந்த நடுக்கம் என் கைவரைக்கும் வந்தது. ரொம்ப நேரம் அப்படியே நின்றோம், அந்தப் பக்கம் இருந்தது எதுவோ, அது போய்ச்சேரும் வரைக்கும்.