கோமாதாவும் கிருமியும்

நன்னீர் அருமையாகிய யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே, புங்குடுதீவின் இறுப்பிட்டி போன்ற கிராமங்களில், மழைநீர் தேங்கும் குளங்களை மனிதரும் கட்டாக்காலி மாடுகளும் ஒருங்கே அண்டி வாழ நேர்கின்றபடியால், இலக்குமி வாசஞ் செய்வதாக நாம் வணங்கும் பசுவின் தேகத்திலேயே மனிதரைக் கொல்லவல்ல கிருமிகளும் வாசஞ் செய்யக்கூடும் என்னும் செய்தி, வைத்தியச் செய்தியாக மட்டும் நின்றுவிடாமல், தெய்விகம் குடிகொண்ட இடத்தில் தீங்கும் குடிகொள்ளலாமோ என்னும் சமய வினாவாகவும் எழுகின்றது.

தீங்கு உண்டென்பதில் ஐயமில்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே உயிர்களைப் பலிகொண்ட எலிக்காய்ச்சலின் கிருமி, எலியின் சலத்தில் மட்டுமன்றி மாட்டின் சலத்திலும் வெளிவரவல்லது. 1982இல் அமெரிக்காவில் நோய்க்காரணியாக இனங்காணப்பட்ட ஈ. கோலை ஓ157 என்னும் பற்றீரியாவோ, குழந்தைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்குமேயன்றி, தன்னைச் சுமக்கும் பசுவுக்குப் பெரும்பாலும் யாதொரு நோயையும் விளைப்பதில்லை. நோயறியாத அந்த வாயில்லாச் சீவன்மேல் குற்றஞ் சாட்ட எவருக்கு மனம் வரும்? விஞ்ஞானிகளே இங்கு வழுவியதுண்டு: காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ரொபேட் கொக், மாட்டின் காசம் மனிதரை அரிதாகவே பற்றுமென்று 1901இல் லண்டனிலே உரைக்க, அது பிழையென்று பிரித்தானிய அரச ஆணைக்குழு 1911இல் முடிவுகூறிற்று.

சைவசித்தாந்தம் கற்றவர்க்கு இதில் அதிர்ச்சிக்கு இடமில்லை. மலமற்றிருத்தல் பதியாகிய இறைவன் ஒருவனுக்கே உரிய இலக்கணமாக இருக்க, அதனை மாயையிலே தோன்றிய ஓர் உடம்பினிடத்தில் எதிர்பார்த்து, காணாதவிடத்து மனங்கலங்குதல், வணக்கத்தின் பொருளை அறியாமையேயாம். பூசிக்கத்தக்கதாயிருத்தல் வேறு, தீங்கற்றதாயிருத்தல் வேறு. அக்கினியை வணங்குகின்றோம்; அதனுள் கையை வைப்பதில்லை.

அந்த அக்கினியையே நம் முன்னோர் பசுவுக்கும் நமக்கும் இடையில் நிறுத்தினர். பசுவின் சாணத்தை அக்கினியில் தகித்தெடுப்பதே திருநீறென்று ஆறுமுக நாவலர் தமது சைவவினாவிடையிலே உபதேசித்தார். பட்டிப்பொங்கலிலும் பால் கொதித்துப் பொங்கிய பின்னரே படையலாகின்றது. ஆயினும், வீட்டிலே காய்ச்சாத பாலைப் பிள்ளைக்கு ஒருநாளும் கொடாத தாய், கோயிலிலே அபிஷேகமான பச்சைப்பாலையும், சாணமும் கோசலமும் கலந்த பஞ்சகவ்வியத்தையும் தீர்த்தமென்று அதே பிள்ளையின் வாயில் வார்க்கின்றாள். அவளைக் குறைகூறுவது நியாயமன்று. கொடுக்கும் கை கோயிலினுடையது.

சுவாமிக்கு அபிஷேகம் பச்சைப்பாலாலேயே நிகழ்க. அடியார்க்கு, விசேஷமாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், காய்ச்சிய பாலையே பிரசாதமாக வழங்கும்படி தீவகத்துக் குருக்கள்மாரையும் கோயிற் பரிபாலன சபையாரையும் வேண்டிக்கொள்கின்றேன்.