பிடித்தம்

மாதக் கடைசியில் வரும் சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்ற கட்டத்துக்குள், வராத நாளுக்கு உரிய தொகை நிற்கிறது. அதைப் பார்த்ததும் நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. வேலை செய்யாத நாளுக்குக் கூலி கேட்பது உழைத்தவனின் பங்கில் கைவைப்பதாகும் என்று நமக்கே தோன்றுகிறது. நியாயமான எண்ணம்தான்.

ஆனால் வராத நாள்கள் எல்லாம் ஒன்றாகிவிடுமா? காய்ச்சலில் படுத்த நாளும், கோரிக்கைக்காக வாசலில் நின்ற நாளும் வருகைப் பதிவேட்டில் ஒரே குறியாகிவிடுகின்றன. விடியுமுன் ஆலை வாசலுக்கு வந்து, இன்று ஆள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்ட பதிலித் தொழிலாளிக்கோ அந்தக் குறிகூட இல்லை. அவர் வந்தார், வேலைதான் வரவில்லை. வேலை தர இயலாத நாளுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பாதியை இழப்பீடாகத் தரச் சொன்ன 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டமும் பதிலியை அந்த உரிமைக்கு வெளியே நிறுத்தியது.

வராத காலத்தின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்றது 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி, முன்னறிவிப்பும் தக்க காரணமும் இன்றி வராவிட்டால் எட்டு நாள் ஊதியம்வரை பிடிக்கலாம் என்றும் அதே சட்டம் சொன்னது. தனி ஆளுக்குக் கணக்காக இருந்தது, கூடிய ஆள்களுக்குத் தண்டனையாயிற்று.

1977-இல் ஒரு வங்கியின் ஊழியர்கள் நான்கு மணி நேரம் வேலைநிறுத்தம் செய்துவிட்டு இருக்கைக்குத் திரும்பினார்கள். வங்கி முழுநாள் சம்பளத்தைப் பிடித்தது. அந்த அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டு என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திரும்பி வந்து அவர்கள் பார்த்த வேலை எந்தக் கணக்கில் சேர்ந்தது என்ற கேள்வி என்னை விடுவதில்லை. 1994-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வேலைநிறுத்தம் சட்டப்படியும் நியாயப்படியும் சரியானதாக இருந்தால் ஊதியம் உண்டு என்றது. அதன் பிறகு, வந்தாரா என்று கேட்பதோடு, ஏன் வரவில்லை என்றும் கேட்டாக வேண்டியதாயிற்று.

அந்த 'ஏன்' நம்மை ஊதியத்தின் பொருளுக்கே கொண்டுபோகிறது. ஊதியம் மணிகளின் விலை மட்டுமே என்றால், பண்டிகை விடுமுறைக்கும், மருத்துவ விடுப்புக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கு 26 வாரம் தரப்படும் ஊதியத்துக்கும் இடமே இராது. அவற்றை நாம் ஏற்றுக்கொண்டிருப்பது, இன்று ஓய்ந்த கைதான் நாளை இயங்கும் என்பதையும், நோயும் முதுமையும் பிள்ளைப்பேறும் உடைய ஓர் உயிரையே நாம் வேலைக்கு அழைத்திருக்கிறோம் என்பதையும், அந்த உயிரின் உழைப்பைப் பெற்றுக்கொள்பவர் அதன் ஓய்வுக்கும் ஒரு பங்கு கடன்பட்டிருக்கிறார் என்பதையும் உள்ளுக்குள் அறிந்திருப்பதால்தான்.

சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, பிடித்தம் என்ற கட்டமும் இல்லை. மழை பெய்தால் அன்று கூலி இல்லை, அவ்வளவுதான்.