விருப்பமும் வித்தையும்

ஒரு பொருளின்மீது மனிதன் கொள்ளும் விருப்பம் எப்போது அறமாக உயர்கிறது? அதை உடைமையாக்கும்போதா, படைக்கும்போதா, பிறர்க்கு வழங்கும்போதா?

அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர் வில்லியம் மோரன். சிறுவயதிலேயே கத்திகளின்மீது காதல் கொண்ட அவர், தந்தையின் பண்ணையிலேயே அவற்றைச் செய்து பழகினார். பின்னர்ப் பண்ணையை விற்றுக் கொல்லுலையையே வாழ்வாக்கிக் கொண்டார்.

எஃகுப் பட்டையை அராவிக் கத்தி செய்வது பெருகி, காய்ச்சி அடிக்கும் கலை அருகியிருந்த காலம் அது. இருவகை எஃகை அடுக்கி, உலையிலிட்டு, ஒன்றாக அடித்திணைத்து, நீரலைபோல் வரியோடும் டமாஸ்கஸ் கத்திகளை மோரன் வடித்தார். 1973இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தபோது, செய்முறையையும் அச்சிட்டு இலவசமாக வழங்கினார்.

அரிதின் முயன்று பெற்ற நுட்பத்தைக் காத்துக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமையில்லையா எனக் கேட்கலாம். உரிமை உண்டு, அதுவே அவனுக்குச் சோறிடுகிறது. ஆயினும், மறைத்தவன் மறையும்போது வித்தையும் உடன் மறைகிறதே! அப்போது அவன் காத்தது எதனை?

1976இல் மோரன் தோழர்களுடன் நிறுவிய கொல்லர் சங்கம் மாணவர்க்குத் தேர்வு வைக்கிறது. மரக்கட்டைகளை வெட்டிய பின்னும் கத்தி மயிரை மழிக்க வேண்டும். செங்கோணமாக வளைத்தாலும் முறிதல் கூடாது. கூர்மையோடு வளைந்து கொடுக்கும் தன்மையும் வேண்டுமென்பது அதன் பொருள்.

மோரன் 2006இல் மறைந்தார். அவர் மூட்டிய உலைகளோ இன்னும் எரிகின்றன. தன்னிலும் சிறந்த மாணவனைக் கண்டு மகிழும் ஆசிரியர், இவ்வறத்தை நன்கறிவர்.