தோற்கத் தெரியாத வண்டில்

எங்கள் ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்ட பிறகு பையன்களுக்குப் புது விளையாட்டொன்று வந்து சேர்ந்தது. கராஜ்களில் கழித்துப் போட்ட பெயாரிங்குகளைக் கேட்டு வாங்கிப் பலகையில் பூட்டுவார்கள். ஒருவன் ஏறிக் குந்துவான். மற்றவன் பின்னால் தள்ளிக்கொண்டு ஓடுவான். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பந்தயம். பந்தயப் பணம் எதுவும் கிடையாது. முந்தியவனுக்குக் கைதட்டல் மட்டும்தான்.

எங்கள் வீட்டு வண்டிலை முழுக் குடும்பமும் சேர்ந்துதான் கட்டியது. ஓடாவி வேலை செய்யும் மச்சான் பழைய வள்ளத்துப் பலகையொன்றை இழைத்துத் தந்தார். மனைவி ஆசனத்துக்கு உறை தைத்தாள். மகள் நிறம் பூசினாள். கணிதம் படிப்பிக்கிற நான் அச்சுக்கு அளவு போட்டேன். ஒரு மாதம் எங்கள் முற்றம் அப்படிச் சந்தோஷமாக இருந்ததை நான் முன்பு கண்டதில்லை.

பந்தயத்துக்கு முதல்நாள் இரவு, முன் அச்சைத் தாங்கும் பலகையில் மயிரிழை போல ஒரு வெடிப்பைக் கண்டேன். மாற்றுப் பலகை கைவசம் இல்லை. மச்சானும் ஊரில் இல்லை. "ஒரு ஓட்டம்தானே, தாங்கும்" என்றேன். மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனான். அவன் நம்பியது பலகையை அல்ல, என்னை.

மறுநாள் வண்டிலில் குந்தியவன் என் மகனல்ல. எடை குறைந்தவன் என்பதற்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஏற்றியிருந்தோம். வளைவில் பலகை பிளந்தது. பிள்ளையின் கை முறிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவனுடைய வாப்பா என் தோளைத் தொட்டு, "விளையாட்டில நடக்கிறதுதானே சேர், அல்லாஹ்ட நாட்டம்" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னை இன்றுவரை உறங்கவிடாதது. அதை அவர் சொன்னால் பொறுமை. நான் சொன்னால் தப்பித்தல். விதி என்ற ஒரே சொல் பாதிக்கப்பட்டவன் வாயில் ஈமானாகவும், பாதிப்புக்குக் காரணமானவன் வாயில் சாட்டாகவும் மாறிவிடுகிறது. வெடிப்பைக் கண்டவன் நான். கண்ட பிறகு நடந்ததை விதியின் கணக்கில் எழுத எனக்கு உரிமை உண்டா?

2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவையில் நடந்த ஃபொக்ஸ் ஹில் காரோட்டப் பந்தயத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். கார் ஒன்று பாதையை விட்டு விலகி ஜனங்களுக்குள் பாய்ந்ததில், எட்டு வயதுச் சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தனர். காரை ஓட்டுகிறவன் ஆபத்தை அறிந்து ஏறுகிறான். ஓரத்தில் நின்ற அந்தக் குழந்தை எதை அறிந்து நின்றது? தன் உயிரைப் பணயம் வைப்பது ஒன்று. பிறருடைய உயிரை அவர் அறியாமலே வைப்பது வேறொன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பதை நாம் எப்போதும் நமது ஒட்டகத்தைப் பற்றியே நினைக்கிறோம். அதன்மேல் அடுத்தவன் பிள்ளை இருக்கும்போது கயிற்றை இருமுறை பார்க்க வேண்டாமா?

பிரித்தானியாவில் பழைய சிறு கார்களைக் குடும்பமாகச் சேர்ந்து திருத்திக் கட்டி, வயல்வெளிகளில் போட்ட வட்டப் பாதைகளில் ஓட்டும் பந்தயங்கள் உண்டு. ஆட்டோகிராஸ் என்பார்கள். அங்கேயும் வாப்பாவும் மக்களும் கையெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். ஆனால் கட்டியவர் சொல்லை நம்பி எந்தக் காரையும் ஓட விடுவதில்லை. வேறொருவர் வந்து பரிசோதிப்பார். இது அவநம்பிக்கை அல்ல. தன் கையால் ஆக்கியதன் குறை தன் கண்ணுக்குத் தெரியாது என்ற அறிவு. எங்கள் முற்றத்தில் கட்டியவர்களும் நாங்களே, நீதிபதிகளும் நாங்களே. பாசம் தீர்ப்பெழுதியது.

அப்படியானால் பந்தயமே கூடாதா? அப்படி நான் நினைக்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். யாராலும் முந்த முடியாதிருந்த அவர்களுடைய அள்பா என்ற ஒட்டகையை ஒரு நாட்டுப்புற அரபியின் இளம் ஒட்டகம் முந்தியது. தோழர்களுக்கு மனம் நொந்தது. உலகில் உயரும் எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தில் நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அந்தச் சம்பவத்தை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றிரவு மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. "மகன், நாளைக்கு நாம ஓடல்ல" என்று சொல்ல என்னால் முடியவில்லை. குற்றம் விளையாட்டில் இல்லை. விலகிக்கொள்ளத் தெரியாததில் இருந்தது. ஓடாமலே தோற்கும் துணிவு இல்லாதவன் பந்தயத்துக்குத் தகுதியானவனல்லன்.

பிள்ளையின் கைக்கட்டு அவிழ்த்த அன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெடிப்பை முதல்நாளே கண்டிருந்தேன் என்பதை, என் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மன்னிப்பதாகவும் சொல்லவில்லை. எழுந்து வரும்போதுதான் கேட்டார்:

"இப்ப என்ன பலகை போட்டிருக்கீங்க சேர்?"

"இன்னும் போடல்ல."

"போட்டாப்போல கூப்பிடுங்க. நான் வந்து பாக்கணும்."